ஒரு பல்புக்காக ஓடும் ஜெனரேட்டர்

எழும்பூரில் இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கிய பெண் ஒருவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என் கடைப் படியேறி வந்தார். நான் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். முதுகுப்பையை மேஜைமேல் வைத்து, "அண்ணாச்சி, உள்ள கைய விட்டுப் பாருங்க" என்றார். விட்டேன். துணிமணிகளுக்கு நடுவே மடிக்கணினி, கஞ்சி வடித்த பாத்திரத்தைத் துணிக்குள் சுற்றிவைத்ததுபோல வெதுவெதுவென்று இருந்தது.

"மூடித்தான் வச்சேன். ராத்திரி ஏறும்போது எண்பத்தஞ்சு பர்சன்ட். இப்ப இருபத்தஞ்சு."

அது 54 வாட்-அவர் பேட்டரி. அதில் அறுபது சதம் என்றால் 32 வாட்-அவர். பத்தரை மணி நேரப் பயணத்துக்கு வகுத்தால் சராசரி 3 வாட். சாமி மாடத்தில் எரியும் சின்ன எல்.இ.டி. பல்பை ராத்திரி முழுக்க அணைக்காமல் விட்ட கணக்கு. தூங்கும் மடிக்கணினிக்கு இதில் பத்தில் ஒரு பங்கே அதிகம்.

"எஸ்.எஸ்.டி.யைப் பார்க்கணும்மா" என்றேன்.

"அதுல சுத்தறதுக்கு ஒண்ணுமே இல்லையே? பழைய ஹார்ட் டிஸ்க்னாலும் மோட்டார் ஓடும்."

நியாயமான கேள்வி. சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லாத பொருள் எதற்காக விழித்திருக்கிறது என்பதைச் சொல்ல, கணினிகள் தூங்கக் கற்றுக்கொண்ட காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இரண்டு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். அவரிடம் சொன்னதைவிடக் கொஞ்சம் ஒழுங்காக இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது சென்னை ரிச்சி தெருவில், 1998இல். அந்தக் கடையின் பரண்மேல் டான்டி கம்பெனியின் டிஆர்எஸ்-80 மாடல் 100 ஒன்று தூசி படிந்து கிடந்தது. 1983இல் வந்த இயந்திரம். செய்தது ஜப்பானின் கியோசெரா. டார்ச் லைட்டுக்குப் போடும் சின்ன பேட்டரி நான்கு போட்டால் இருபது மணி நேரம் ஓடும். பாதி வாக்கியத்தில் அணைத்துவிட்டு மறுநாள் பொத்தானை அழுத்தினால் அதே பாதி வாக்கியம் கண்முன் நிற்கும். அதில் டிஸ்க் என்ற பொருளே கிடையாது. எழுதியதெல்லாம் நினைவகத்தில்தான், அந்த நினைவகத்தை உள்ளே இருக்கும் இன்னொரு குட்டி பேட்டரி காப்பாற்றிக்கொண்டிருக்கும். முதலாளி அதைக் காட்டி, "இவனுக்குத் தூங்கவும் தெரியும், எழும்பவும் தெரியும்; இப்ப வர்றவனுக்கு ரெண்டும் தெரியாது" என்பார். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். பின்னால்தான் விஷயம் புரிந்தது. தூக்கத்தின் சிக்கல்களெல்லாம் டிஸ்க் பெட்டிக்குள் நுழைந்த பிறகு வந்தவை.

டிஸ்க் நுழைந்ததற்கு ஒரு வருஷம் குறிக்கலாம். 1988இல் அமெரிக்காவின் பிரெய்ரிடெக் கம்பெனி முதல் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. கொள்ளளவு 20 மெகாபைட். மடியில் வைக்கும் சின்னப் பெட்டிக்குள் டிஸ்க் எளிதாக அடங்கியது அதற்குப் பிறகுதான். அடங்கிய கையோடு பேட்டரியைக் குடிக்கவும் தொடங்கியது. இரண்டரை அங்குல டிஸ்க் நின்ற நிலையிலிருந்து சுழல ஆரம்பிக்கும்போது 5 வோல்ட்டில் ஏறத்தாழ ஓர் ஆம்பியர் இழுக்கும். சுழன்றபடி சும்மா இருந்தாலும் ஒரு வாட் அளவுக்குத் தின்னும். நிறுத்தினால் மிச்சம்தான், ஆனால் அடிக்கடி நிறுத்தி எழுப்பினால் எழுப்பும் செலவே மிச்சத்தை விழுங்கிவிடும்.

இந்தக் கணக்கை யார் பார்ப்பது? 1990 அக்டோபரில் இன்டெல் வெளியிட்ட 386எஸ்எல் சிப்பு அதற்கு ஒரு விசித்திரமான ஏற்பாட்டைச் செய்தது. மடிக்கணினிக்கென்றே வந்த அந்தச் சிப்பில் ஒரு மறைவு நிலை உண்டு. இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மதர்போர்டில் குடியிருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் அதை அப்படியே உறையவைத்து, உள்ளே புகுந்து, டிஸ்க்கை நிறுத்துவதோ திரையை அணைப்பதோ செய்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். வீட்டுக்காரர் கண்ணயர்ந்த நேரத்தில் பின்கட்டு வழியாக வந்து விளக்கணைத்துவிட்டுப் போகும் வேலையாள் மாதிரி. 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து இதற்கு ஏபிஎம் என்று ஒரு விதிமுறை எழுதின. அதிலும் எஜமான் பயாஸ்தான். இத்தனை நிமிடம் யாரும் விசையைத் தொடவில்லையா, டிஸ்க்கை நிறுத்து. மனிதர் படித்துக்கொண்டிருக்கிறாரா, போய்விட்டாரா என்று அதற்குத் தெரியாது.

அந்தக் காலத் தூக்கத்துக்கு ஒரு சத்தம் இருந்தது. மூடியைச் சாய்த்தால் டிஸ்க்கின் ரீங்காரம் மெல்ல இறங்கி, தலை ஒதுங்கும் "க்ளக்" கேட்கும். திங்க்பேடில் பிறைநிலா விளக்கு எரியும். ஆப்பிள்காரர்கள் தூங்கும் இயந்திரத்தின் விளக்கை மூச்சு விடுவதுபோல ஏற்றி இறக்கி அதற்குக் காப்புரிமையே வாங்கினார்கள். காதும் கண்ணும் சொல்லிவிடும், பெட்டி தூங்கிவிட்டதென்று. இப்போது கடைக்கு வரும் பெட்டிகளில் சத்தமும் இல்லை, பலவற்றில் விளக்கும் இல்லை. தூங்கியதா என்று தெரிய பைக்குள் கையை விட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் ஏசிபிஐ என்ற விதிமுறையைக் கொண்டுவந்து அதிகாரத்தைத் தலைகீழாக்கின. இனி எப்போது தூங்குவது என்று முடிவெடுப்பது இயங்குதளம். பயாஸ் தன்னிடம் உள்ள சாமான்களையும் அவற்றை எப்படி அணைப்பது என்பதையும் ஓர் அட்டவணையாக எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் இன்றுவரை புழங்கும் எழுத்துகள் அங்கிருந்து வந்தவை. எஸ்0 விழிப்பு. எஸ்3 என்றால் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம், மற்றதெல்லாம் அணைப்பு. எஸ்4 என்றால் நினைவகத்தையே டிஸ்க்கில் எழுதிவிட்டு முழு அணைப்பு. ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக டி0 முதல் டி3 வரை. அந்த டி3யிலும் பின்னால் இரண்டு வகை பிரித்தார்கள். சூடான டி3 என்றால் படுத்திருக்கும், ஆனால் வாசல்வரை மின்சாரம் வந்து நிற்கும். குளிர்ந்த டி3 என்றால் மின்சாரமே வராது. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் என் வாடிக்கையாளர்கள் பாதிப்பேரின் பேட்டரி போகிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் எழுதிய ஒரு மின்னஞ்சல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மைக்ரோசாஃப்ட்மேல் நடந்த வழக்கில் சாட்சியமாக வெளியே வந்தது. இத்தனை பாடுபட்டு ஏசிபிஐ செய்கிறோம், லினக்ஸும் அதே பலனை அனுபவித்துவிட்டுப் போகிறதே, இதை விண்டோஸுக்கு மட்டும் உரியதாக ஆக்க வழியுண்டா என்று அதில் யோசிக்கிறார். அப்படி ஆக்கினார்களா என்பது வேறு விஷயம். ஆனால் பயாஸ் எழுதியவர்கள் விண்டோஸில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டுச் சரக்கை அனுப்பினார்கள், அட்டவணை நெடுக "ஓடுவது எந்த விண்டோஸ்?" என்று கேட்டுக் கேட்டு நடந்துகொள்ளும் வரிகள் இருந்தன. லினக்ஸ்காரர்கள் வேறு வழியில்லாமல் தங்களையும் விண்டோஸ் என்றே சொல்லிக்கொண்டார்கள். இதைச் சொன்னபோது அந்தப் பெண் சிரித்தார். சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

எஸ்3 ஒழுங்காக வேலை செய்யப் பல வருஷம் ஆனது. தூங்கும், எழும்பாது. எழும்பும், திரை வராது. 2009 வாக்கில் திரையை எழுப்பும் பொறுப்பு லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்குள் வந்த பிறகு அந்தத் தொல்லை அடங்கியது. அதன்பின் பத்து வருஷத்தை எஸ்3யின் பொற்காலம் என்பேன். மூடினால் தூங்கும், திறந்தால் எழும்பும். மூன்று நாள் பையில் கிடந்தாலும் பேட்டரி மிஞ்சும். 2012 மின்வெட்டில், இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அரசு கொடுத்த இலவச மடிக்கணினியைக் கரண்ட் போனதும் மூடி, பிறகு தேவைக்கு மட்டும் திறந்து படித்தார்கள். எங்கள் ஊரில் எஸ்3 செய்த சேவைக்கு யாரும் கல்வெட்டு வைக்கவில்லை.

எஸ்3யில் டிஸ்க்கைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. காரணம் எளிது. கல்யாண மண்டபத்தில் விசேஷம் முடிந்ததும் மேனேஜர் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவதுபோல, பயாஸ் டிஸ்க்குக்குப் போகும் மின்சாரத்தையே வெட்டிவிடும். வெட்டுவதற்குமுன் டிரைவர் மென்பொருள் டிஸ்க்குக்கு ஒரு வார்த்தை சொல்லும்: கையிலிருப்பதை எழுதி வைத்துக்கொள், கரண்ட் போகப்போகிறது என்று. அந்த வார்த்தை போய்ச் சேராமல் வெட்டினால் எஸ்.எஸ்.டி. தன் உடல்நலக் குறிப்பில் "பாதுகாப்பற்ற நிறுத்தம்" என்று ஓர் எண்ணைக் கூட்டிக்கொள்ளும். பழைய சரக்கு விலை பேசும்போது நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். வெட்டியபின் அது ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா, நல்ல கம்பெனியா மட்டமானதா என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லோருக்கும் ஒரே இருட்டு.

இனி எஸ்.எஸ்.டி.க்கு வருகிறேன். கரண்ட் போனாலும் எழுதியதை மறக்காத ஃப்ளாஷ் நினைவகத்தை 1984இல் உலகுக்குக் காட்டியவர் தோஷிபாவின் ஃபூஜியோ மாசுவோகா. இன்று எஸ்.எஸ்.டி.களில் இருக்கும் நாண்ட் வகை 1987இல் வந்தது. 1991இல் சன்டிஸ்க் (பிற்பாடு சான்டிஸ்க் என்று பெயர் மாறிய கம்பெனி) ஐபிஎம்முக்கு 20 மெகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றைச் செய்து கொடுத்தது. விலை 1000 டாலர். சாமானியர் கைக்கு வந்தது 2007இல் அசூஸின் ஈ-பிசி வந்தபோது, 4 ஜிபி. அப்போது கடையில் எல்லோரும் சொன்னது அந்தப் பெண் சொன்னதைத்தான். மோட்டார் இல்லை, ஆகவே செலவு இல்லை.

மோட்டார் இல்லை, வாஸ்தவம். அதற்குப் பதில் உள்ளே ஒரு கணினியே இருக்கிறது. எஸ்.எஸ்.டி.யைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாண்ட் சிப்புகளின் பக்கத்தில் பல மூளை கொண்ட ஒரு கன்ட்ரோலர், நல்ல வகைகளில் தனியாக ஒரு நினைவகச் சிப்பு. எந்தத் தகவல் எந்த மூலையில் கிடக்கிறது என்ற பேரேடு அந்த நினைவகத்தில் இருக்கும். ஒரு டெராபைட்டுக்கு ஒரு ஜிபி பேரேடு என்பது பழைய கைக்கணக்கு. நாண்டுக்கு மின்சாரம் வேண்டாம். பேரேட்டுக்கு வேண்டும், கன்ட்ரோலருக்கு வேண்டும், எல்லாவற்றையும்விட மதர்போர்டோடு பேசும் கம்பிகளைத் துடிப்போடு வைத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. நிஜமாகவே தூங்குவதென்றால் பேரேட்டைப் பத்திரப்படுத்தி, நினைவகத்தை அணைத்து, கம்பியின் துடிப்பையும் நிறுத்த வேண்டும். எழும்பும்போது எல்லாம் திரும்ப.

டிஸ்க்குகள் சாட்டா என்ற கம்பி வழியாக மதர்போர்டோடு பேசிய காலத்தில் இதற்கு ஒழுங்கான வழி கண்டார்கள். முதலில் கம்பியை அரைத்தூக்கம், முக்கால்தூக்கம் போடும் இரண்டு நிலைகள். 2013இல் சாட்டா 3.2 விதிமுறையோடு டெவ்ஸ்லீப். அதற்குத் தனியாக ஒரு கம்பி; அதில் சைகை வந்தால் எஸ்.எஸ்.டி. பேச்சுக் கம்பியைக் கேட்பதையே நிறுத்திவிட்டு 5 மில்லிவாட் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு வாட்டில் இருநூறில் ஒரு பங்கு. நான் கண்ட ஏற்பாடுகளில் தெளிவானது இதுதான். ஒரு கம்பி, ஒரு வேலை.

ஆனால் அதற்குள் சாட்டாவின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 2011 மார்ச்சில் என்விஎம்இ விதிமுறையின் முதல் பதிப்பு வந்திருந்தது. அது பெரிய சர்வர்களை நினைத்துப் பிறந்தது. அங்கே வேகம்தான் பேச்சு, தூக்கம் யாருக்கு வேண்டும்? பிசிஐ எக்ஸ்பிரஸ் கம்பியில் நேராக உட்காரும் என்விஎம்இ எஸ்.எஸ்.டி. மும்முரமாக ஓடினால் ஆறு, ஏழு வாட்கூட இழுக்கும். மடிக்கணினிக்கு அது வரப்போகிறது என்று தெரிந்ததும் 2012 அக்டோபரில் வந்த 1.1 பதிப்பில் ஒன்றைச் சேர்த்தார்கள். எஸ்.எஸ்.டி. தன் மின்நிலைகளைப் பட்டியலாகச் சொல்லும். எத்தனை மில்லிசெகண்ட் சும்மா இருந்தால் எந்த நிலைக்கு இறங்கலாம் என்று கணினி ஒரு முறை சொல்லிவிட்டால், அதன்பின் யாரும் ஏவாமல் தானே இறங்கிக்கொள்ளும். இதற்கு ஏபிஎஸ்டி என்று பெயர். என் மேஜையில் இருக்கும் ஒன்று ஐந்து நிலைகள் சொல்கிறது. மேலே ஆறு வாட்டுக்குமேல், கீழே ஐந்து மில்லிவாட். கடைசிப் படியிலிருந்து எழும்ப எட்டு மில்லிசெகண்ட் ஆகும் என்றும் தானே ஒப்புக்கொள்கிறது.

லினக்ஸுக்கு இது வர 2017 ஆனது, கர்னல் 4.11இல். வந்தவுடன் கூத்து தொடங்கியது. சில எஸ்.எஸ்.டி.கள் சில மதர்போர்டுகளில் கடைசிப் படிக்கு இறங்கிவிட்டு ஏறி வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் டிஸ்க்கே காணாமல் போகும். இந்த எஸ்.எஸ்.டி. இந்தப் பெட்டியில் இருந்தால் கடைசிப் படிக்கு விடாதே என்று விதிவிலக்குகளாகக் கர்னலில் சேர்த்துக்கொண்டே போனார்கள். எங்களைப் போன்ற கடைக்காரர்கள் அதைவிட எளிய வைத்தியம் செய்தோம். பூட் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்து ஏபிஎஸ்டியையே அணைத்துவிடுவது. வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். பேட்டரி ஒரு மணி நேரம் முன்னால் தீர்வதை அவர் கவனிக்கமாட்டார்.

இதே வருஷங்களில் தூக்கம் என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. காரணம் செல்போன். பொத்தானைத் தொட்டால் போன் விழிக்கிறது, அணைந்திருந்தாலும் செய்தி வருகிறது. கணினி மட்டும் ஏன் செத்ததுபோலக் கிடக்க வேண்டும் என்று பெரிய கம்பெனிகள் யோசித்தன. 2012இல் விண்டோஸ் 8 இதைக் கொண்டுவந்தது. 2015இல் விண்டோஸ் 10 அதற்கு மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று பெயர் வைத்தது. இதில் கணினி எஸ்3க்குப் போவதே இல்லை. எஸ்0விலேயே, விழித்த நிலையிலேயே, ஒவ்வொரு சாமானாக அடங்கி அடங்கிக் கடைசியில் சிப்பும் அடங்க வேண்டும். லினக்ஸிலும் 2013இல், கர்னல் 3.9இல், இதற்கு இணையான ஒரு வழி வந்தது. போகப்போகப் புது மடிக்கணினிகள் பலவற்றின் பயாஸிலிருந்து எஸ்3 என்ற வரியே எடுக்கப்பட்டது.

மண்டபத்துக்கே திரும்பப் போகலாம். மேனேஜர் மெயின் சுவிட்சை இறக்கும் வழக்கம் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு அறைக்காரரும் தன் விளக்கைத் தானே அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும். எல்லா அறையும் இருண்டால்தான் பின்னால் ஓடும் ஜெனரேட்டரை நிறுத்தலாம். மாடியில் ஒரே ஒரு அறையில் ஒரு பல்பு எரிந்தாலும் ஜெனரேட்டர் ஓடியே ஆக வேண்டும். பல்பு குடிப்பது சொற்பம். ஜெனரேட்டர் குடிக்கிற டீசல்தான் செலவு.

மடிக்கணினியில் அந்த மாடி அறை பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. பிசிஐ எக்ஸ்பிரஸ் கம்பி எல்1.2 என்ற அடிமட்ட நிலைக்கு இறங்க வேண்டும். அதற்கு எஸ்.எஸ்.டி. "எனக்கு இனி கடிகாரத் துடிப்பு வேண்டாம்" என்று ஒரு கம்பியில் சைகை காட்ட வேண்டும், எம்.2 பொருத்தியில் அது 52ஆவது முள். காட்டாவிட்டால் சிப்பின் கடிகாரம் நிற்காது. கடிகாரம் நிற்காவிட்டால் சிப்பு ஆழத்துக்கு இறங்காது. எஸ்.எஸ்.டி. தன் பங்குக்குத் தின்பது வெறும் 50 மில்லிவாட்டாக இருக்கலாம். அதற்காக விழித்திருக்கும் மற்றதெல்லாம் சேர்ந்து 3 வாட் ஆகிவிடும். அந்தப் பெண்ணின் பையில் சுட்டது எஸ்.எஸ்.டி. இல்லை. எஸ்.எஸ்.டி.க்காகக் காத்திருந்த சிப்பு.

இங்கே ஒரு தலைகீழ் வேடிக்கை நடந்ததையும் சொல்ல வேண்டும். லினக்ஸ் டிரைவர் எஸ்3 காலப் பழக்கத்திலேயே இருந்தது. தூங்கப் போகிறோம் என்றதும் எஸ்.எஸ்.டி.க்கு "கரண்ட் போகப்போகிறது, மூட்டை கட்டு" என்று சொல்லி அதை மூடிவிடும். மிச்சத்தைப் பயாஸ் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. புது வகைத் தூக்கத்தில் கரண்டை வெட்ட யாரும் வருவதில்லை. எஸ்.எஸ்.டி. மூட்டை கட்டிக்கொண்டு, விளக்கு எரிய, வாசலில் உட்கார்ந்திருக்கும். சில எஸ்.எஸ்.டி.கள் அந்த நிலையில், தானாகத் தூங்கினால் தின்பதைவிட அதிகம் தின்றன. விண்டோஸ் டிரைவரோ எஸ்.எஸ்.டி.யை மூடாமல் அதன் கடைசி மின்நிலைக்கு இறங்கச் சொல்லி விட்டுவிடும், எஸ்.எஸ்.டி. கம்பெனிகள் செதுக்கிச் செதுக்கிச் சரிசெய்திருந்தது அந்தப் பாதையை. 2019 செப்டம்பரில் வந்த கர்னல் 5.3இல் லினக்ஸும் அந்த வழிக்கு வந்தது. மின்சாரம் வெட்டப்படாத தூக்கம் என்றால் மூடாதே, கடைசிப் படிக்கு இறக்கிவிடு. மாற்றத்தை எழுதியவர் கீத் புஷ்.

அதோடு முடிந்ததா? சில மதர்போர்டுகள் நேர் எதிராக, எஸ்.எஸ்.டி. டி3க்குப் போனால்தான் நான் உறங்குவேன் என்றன. அப்படிப்பட்ட பெட்டியின் பயாஸ் அட்டவணையில் அதற்கென்று ஒரு குறிப்பு எழுதிவைக்க மைக்ரோசாஃப்ட் வழிசெய்தது. அந்தக் குறிப்பை 2020இல் கர்னல் 5.9 படிக்கக் கற்றுக்கொண்டது. ஆக இன்று லினக்ஸ் டிரைவர் தூங்குமுன் வரிசையாகக் கேள்வி கேட்கிறது. பயாஸ் வெட்டப்போகிறதா? குறிப்பு இருக்கிறதா? இந்த எஸ்.எஸ்.டி. விதிவிலக்குப் பட்டியலில் உண்டா? கம்பியின் மின்சிக்கனம் இயங்குகிறதா? எல்லாவற்றுக்கும் சாதகமான பதில் வந்தால் கடைசிப் படி. ஒன்றில் பிசகினால் பழைய வழி, மூட்டை கட்டு.

எஸ்4 என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இருக்கிறது. நினைவகத்தை எஸ்.எஸ்.டி.யில் எழுதிவிட்டு முழுதாக அணைந்தால் செலவு பூஜ்யம். நான் சொந்தப் பெட்டியில் இரவில் அதைத்தான் செய்கிறேன். ஆனால் செக்யூர் பூட் போட்ட லினக்ஸில் பாதுகாப்பு காரணம் சொல்லிப் பெரும்பாலும் அதைப் பூட்டிவைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 8 முதல் வேகமான தொடக்கம் என்ற பெயரில் பாதி எஸ்4 சத்தமில்லாமல் நடக்கிறது. ஷட் டவுன் செய்தேன் என்று சத்தியம் பண்ணுவார்கள், உள்ளே கர்னல் உறைந்துபோய் எஸ்.எஸ்.டி.யில் படுத்திருக்கும். ஒரே பெட்டியில் லினக்ஸும் வைத்திருப்பவர் அங்கிருந்து விண்டோஸ் இருக்கும் பிரிவைத் திறந்தால் எழுத விடாது. வாரத்துக்கு ஒருவர் இதற்காகக் கடைக்கு வருகிறார். அது தனிக் கட்டுரை.

டீ குடித்து முடித்தபின் பெட்டியைத் திறந்தேன். 2021இல் வாங்கியது, ஓடுவது லினக்ஸ். தூக்க வகைகளைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறது, எஸ்3 இல்லை. மேஜையிலேயே மூடி, பத்து நிமிடம் தூங்கவைத்து எழுப்பி, சிப்பு அடியாழத்தில் எத்தனை மைக்ரோசெகண்ட் இருந்தது என்று கர்னலின் கணக்கைப் பார்த்தேன். பூஜ்யம். பத்து நிமிடத்தில் ஒரு நொடிகூட ஜெனரேட்டர் நிற்கவில்லை.

எஸ்.எஸ்.டி. நல்ல சரக்கு. விதிவிலக்குப் பட்டியலில் இல்லை. கர்னலும் புதியது. பிறகு பூட் வரியைப் பார்த்தேன். கடைசியில் ஒரு சொல்: பிசிஐஇ-ஏஎஸ்பிஎம்-ஆஃப். கம்பியின் மின்சிக்கனம் எதையும் கர்னல் தொடக்கூடாது என்ற கட்டளை. டிரைவர் கேட்கும் கடைசிக் கேள்விக்கு இதனால் "இல்லை" என்றே பதில் போகும், எஸ்.எஸ்.டி. மூட்டை கட்டி வாசலில் உட்காரும், கம்பி எல்1.2வுக்கு இறங்காது.

"இதை யாரு எழுதினது, அண்ணாச்சி?"

ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன். வரிக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது; என் கடைப் பெயரின் முதலெழுத்தும் தேதியும். எதையாவது மாற்றினால் அப்படிக் குறிப்பெழுதுவது என் பழக்கம். இரண்டு வருஷம் முன்னால், பிழைச் செய்திகள் வந்து குவிந்து பதிவுக் கோப்பு டிஸ்க்கையே அடைக்கிறது என்று இவர் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். கம்பியில் எழும் சின்னப் பிசகுகள் அவை. கம்பியே திருத்திக்கொண்டு ஒரு வரி எழுதிவைக்கும். அந்தச் சொல்லைச் சேர்த்தேன், செய்தி நின்றது, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

"நான்தாம்மா" என்றேன்.

சொல்லை எடுத்தேன். பயாஸைப் புதுப்பித்தேன். பிழைச் செய்திகள் திரும்ப வந்தன, முன்னைவிடக் குறைவாக. அவற்றைப் பதிவில் எழுதாதே என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். கம்பியின் சிக்கனத்தில் கை வைக்கவில்லை. திரும்பப் பத்து நிமிடம் தூங்கவைத்தபோது கணக்கு ஒன்பது நிமிடத்துக்குமேல் காட்டியது. அடுத்த மாதம் அவர் அதே ரயிலில் வந்து இறங்கியதும் போன் செய்தார். எண்பத்தெட்டில் மூடியதாம், எண்பத்துமூன்றில் திறந்ததாம். 54இல் ஐந்து சதம், பத்தரை மணி நேரம்: கால் வாட். முந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார்.

அன்று மாலை பழைய வேலை நோட்டை எடுத்துப் புரட்டினேன். அதே சொல்லை நான் சேர்த்துவிட்ட பெட்டிகள் இன்னும் பதினொன்று இருந்தன. ஆறு பேருக்குப் போன் போட்டாயிற்று. இரண்டு பேர் எண் மாறிவிட்டது. ஒருவர் பெட்டியை விற்றுவிட்டாராம், பேட்டரி நிற்கவில்லையென்று.